கியூபாவுக்குப் போட்டியாகத் தேத்தாத்தீவு

கொக்கட்டிச்சோலை,
2002 ஆனி.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் திரு. தங்கராசா அவர்கட்கு,

ஓய்வுபெற்ற வட்டவிதானை வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. தான்தோன்றீஸ்வரர் புண்ணியத்தில் இவ்விடம் யாவரும் சுகம். என் முழங்கால் மட்டும் அந்தப் புண்ணியத்தில் சேரவில்லை. தங்களதும், என் தங்கை அன்னப்பூரணியினதும், பிள்ளைகள் இருவரினதும் சுகத்தைக் கண்ணகை அம்மனிடம் ஒப்படைத்திருக்கிறேன். கனடா அவளுக்குக் கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் பார்த்துக்கொள்வாள். தாங்கள் அன்புடன் வரைந்த மடல் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். மச்சான், என் பெண்சாதியின் தம்பியும் என் தங்கச்சியின் புருசனுமான ஒருவனை எத்தனை வரிக்குத்தான் 'தாங்கள்' என்று எழுதுவது? கை வலிக்கிறது. இதோடு 'நீ'க்கு இறங்குகிறேன், பொறுத்துக்கொள்.

சண்டை நின்று சமாதானம் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரலாமா என்று நீயும் அன்னப்பூரணியும் யோசித்ததாகவும், ஆனால் பிள்ளைகள் கடற்கரையில்தான் விடுமுறை கழிப்போம், கியூபாவுக்குத்தான் போவோம் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், ஊரில் கியூபாவை வெல்லக்கூடிய கடற்கரை எவை எவை, மணல் வெள்ளையா, அலை பெரிதா, சுறா வருமா, கழிவறை உண்டா என்று நான் நேரில் போய்ப் பார்த்து எழுதினால் அதை வாசித்துக் காட்டி அவர்கள் மனத்தை மாற்றலாம் என்றும் எழுதியிருக்கிறாய். ஆக, தொண்ணூறாம் ஆண்டு ஒரு துணிப்பையோடு போன என் தங்கச்சி திரும்பி வருவதும் வராததும் இப்போது ஒரு கடற்கரையின் கையில் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் பங்கிட்ட விதானை நான், என்னிடம் நெல்லைப் பற்றிக் கேள், தண்ணீர் முறையைப் பற்றிக் கேள், யாருடைய எருமை யாருடைய வயல் வட்டைக்குள் இறங்கியது என்று கேள், பதில் சொல்வேன். நாங்கள் படுவான்கரைச் சனம், மச்சான். வாவிக்கு அக்கரையில் கடல் இருக்கிறது என்பது தெரியும். அதில் நல்லது எது, நொட்டை எது என்று எனக்கென்ன தெரியும்? ஆனாலும் அவள் வருவாள் என்றால் நான் கடலைக் குடித்துப் பார்த்தும் சொல்லுவேன். அதனால் ஒத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாமல்தான் வைத்திருந்தேன். உன் அக்கா சீதேவிப்பிள்ளையிடம் ஒன்றை மறைக்கலாம் என்று நம்பினேன் பார், அதுதான் முதல் பிழை. அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது, கனடாக்காரருக்கு விதானையார் கடற்கரை தெரிவு செய்யப் போறாராம் என்று. நான் பாசிக்குடா என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தூரத்துக்கு என்னத்துக்குப் போற? தேத்தாத்தீவில கடல் வத்திப் போய்த்தா?" என்று கேட்டாள். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, இரண்டையும் பார்த்தால் போயிற்று என்று நீ நினைப்பாய். கனடாவில் இருந்துகொண்டு அப்படி நினைக்கலாம். நான் வடசேரி, உன் அக்கா தென்சேரி என்பதை மறந்துவிட்டாயா? பிள்ளைகளுக்கு இது விளங்காது, நீயே எடுத்துச் சொல். அம்மன் கோயில் வெளியில் ஊரே இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, இரண்டு பக்கமும் வடம் கட்டி, ஒரு கொம்பு முறியும்வரை இழுக்கிற கொம்புமுறி என்ற விளையாட்டு இருந்தது. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. அந்த நாட்களில் புருசன் ஒரு சேரி, பெண்சாதி மறு சேரி என்றால் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது, சோறு கிடையாது. மற்ற ஊர்களில் பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுடைய சீதனம், ஆகவே வெளியே போகவேண்டியவன் புருசன். நான் எத்தனை கொம்புக்கு மாட்டுப்பட்டியில் படுத்தெழும்பினேன் என்று உன் அக்காவைக் கேட்டால் சந்தோசமாகச் சொல்லுவாள்.

சண்டை தொடங்கின பிறகு கொம்பு ஏது, வடம் ஏது? நாலு பேர் கூடி நின்றாலே பயம் என்ற காலமாகிவிட்டது. இத்தனை வருடமாக இழுக்க ஒன்றும் இல்லாமல் இருந்த சனத்தின் கையில் உன்னுடைய கடற்கரை அகப்பட்டது. வடசேரியார் ஒருவர் தவறாமல் பாசிக்குடா என்றார்கள்; அதில் பாதிப்பேர் பாசிக்குடாவைக் கண்டதே இல்லை. தென்சேரியார் எல்லாரும் தேத்தாத்தீவு. கடைக்குத் தேயிலை வாங்கப் போனால் கடைக்காரன், "விதானையார், உங்கட பாசிக்குடாவுக்கு இஞ்ச தேயில இல்ல" என்கிறான், அவன் தென்சேரி. இப்படியே விட்டால் சமாதானம் எங்கள் ஊரில்தான் முதலில் குழம்பும் என்று பயந்து, இரண்டு கடற்கரையையும் பார்க்கிறது, இரண்டு சேரியாரும் வரலாம் என்று அறிவித்தேன். அது இரண்டாவது பிழை. வரலாம் என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று ஒரு விதானைக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மண்முனைத் துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து, ஊரை விட்டு இடம்பெயர்கிறோம் என்று நினைத்து, வாவியைக் கடக்கிற தோணிப்பாதைக்காரன் காசு வாங்கவில்லை. தோணிப்பாதையில் ஏறுவதற்கு முன் இக்கரையில் இயக்கப் பொடியன்கள் மறித்தார்கள். "எங்க ஐயா போறீங்க?" என்றான் ஒருவன். "கடல் பாக்க." "கடல்ல என்ன?" "ஒண்டுமில்ல மனெ, சும்மா பாக்கத்தான்." அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொருவனைக் கூட்டி வந்தான், அவனும் அதையே கேட்டான். அக்கரையில் ஆமி. அங்கேயும் அதே கேள்வி, அதே பதில், அதே பார்வை. இத்தனை வருடம் அடிபட்ட இரண்டு பகுதியும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் கண்டேன்: வயது போன சனம் கூட்டமாகக் கடல் பார்க்கப் போகிறது என்பதை இரண்டு பேருமே நம்பவில்லை. ஆமிக்காரன் உன் அக்கா கட்டிய பிட்டுப் பார்சலை அவிழ்க்கச் சொல்லிக் குச்சியால் குத்திப் பார்த்தான். "குத்துங்க மனெ, பயப்படாம குத்துங்க. வெடிக்காது, கட்டியா இரிக்கும், அவ்வளவுதான்" என்றாள் அவள். அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, சிரித்துவிட்டான்.

அக்கரையில் காத்தான்குடி முஹம்மட் தன் வாடகை வானோடு நின்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நெல் ஏற்ற வந்த லொறிக்காரருடைய மகன், உனக்கு முகம் ஞாபகம் வரும். வடசேரியார் வலப்பக்க இருக்கையிலும் தென்சேரியார் இடப்பக்கத்திலும் ஏறியிருந்தார்கள். தென்சேரியில் கொஞ்சம் கனத்த ஆட்கள். "விதானையார், வான் ஒரு பக்கம் சரியிது. ரெண்டு பேர மாத்தி இரிக்கச் செல்லுங்க" என்று முஹம்மட் கெஞ்சினார். ஒருவரும் மாறவில்லை. பாசிக்குடாவரைக்கும் சரிந்தபடியே போனோம்.

பாசிக்குடாவைப் பற்றி என்ன எழுத? அந்தப் பெரிய ஹோட்டல்கள் ஒன்றும் இல்லை, மச்சான். கூரையில்லாத சுவர் நிற்கிறது, சுவருக்குள் எருக்கலை நிற்கிறது. கழிவறை உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. கதவும் கூரையும் இல்லை, பக்கத்தில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை ஒன்று மிதிவெடி என்று நிற்கிறது. அவசரத்துக்கு ஓடுகிறவன் அதை நின்று வாசித்துவிட்டுத்தான் ஓடவேண்டும். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் ஒரு நாடாவைக் காட்டி, அதற்கு இந்தப் பக்கம் மட்டும் நிற்கலாம் என்று கையால் சொன்னான். ஆகவே கியூபாவில் எப்படியோ தெரியாது, இங்கே கடற்கரைக்கு எல்லை உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்.

ஆனால் கடல் அப்படியே இருக்கிறது. அலையில்லை, அரை மைல் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் இல்லை, மணல் சீனி போல வெள்ளை, அடியில் கால்விரலை எண்ணலாம். நம்முடைய இரட்டைக் கலியாணம் முடிந்த கிழமை நாலு பேரும் பஸ் பிடித்து இங்கே வந்தோமே, நினைவிருக்கிறதா? அலையே இல்லாத கடலில் இடுப்புச் சாரனைப் பறிகொடுத்த மனிதன் உலகத்தில் நீ ஒருவன்தான். ஆழமும் இல்லாதபடியால் மறைவதற்கு வழியில்லாமல் கழுத்து மட்டும் தெரியக் குந்திக்கொண்டிருந்தாய். நாங்கள் இருந்த புற்பாயை அன்னப்பூரணி உருவிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தாள். பாதி வழியில் சிரிப்பு முட்டி, நடக்க ஏலாமல், சேலையோடு அப்படியே தண்ணிக்குள் இருந்துவிட்டாள். நீ "கெதியா வா, கெதியா வா" என்று கத்துகிறாய், அவள் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கடைசியில் பாயைச் சுற்றிக்கொண்டு நீ கரையேறியதை ஒரு வெள்ளைக்காரி படம் எடுத்தாள். அந்தப் படம் இப்போது எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகிறதோ, அதைப் பார்த்துவிட்டு அந்தச் சனம் எங்களுடைய உடுப்பு அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ. நான் அந்த இடத்தைத் தேடிப்போய் நின்றேன். தங்கச்சி இருந்து சிரித்த தண்ணீர் இதுதான் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. உப்புக்காற்று என்று சொன்னேன். உன் அக்காவும் உப்புக்காற்று என்றுதான் மூக்கைச் சிந்தினாள். பிறகு சேரி ஞாபகம் வந்து, "இது கடலா? உழவுக்குத் தண்ணி கட்டின வயல் மாதிரி இரிக்கி" என்றாள். வடசேரியார் ஒருவரும் அதற்குப் பிறகு அவள் பிட்டைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் கல்லடியிலும் இறங்கினோம். அங்கே என் செருப்பில் ஒன்றை நாய் கொண்டு போய்விட்டது. ஆதலால் கல்லடியைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது.

அடுத்த கிழமை தேத்தாத்தீவு. கடல் நல்ல கடல்தான், நீலம், அலை உண்டு, மணலும் பரவாயில்லை, தென்னை நிற்கிறது. அதையெல்லாம் எழுதலாம் என்று பார்த்துக்கொண்டு வரும்போது அங்கே கரைவலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் கயிறு இரண்டும் கரைக்கு வரும், வடக்கே ஒரு கூட்டமும் தெற்கே ஒரு கூட்டமும் நின்று இழுக்கும். இழுக்கிற வயதில் ஆட்கள் அங்கேயும் இல்லை, மச்சான். என் வயதுக்காரரும் பெண்களுமாக நின்று மூச்சு வாங்கினார்கள். அதில் ஒரு மனிசி எங்களைப் பார்த்து, "சும்மாதானே நிக்கிறீங்க, வந்து கை குடுங்களன்" என்று கேட்டாள். நல்ல மனதோடு கேட்டாள், பாவம். எங்கள் சனத்தின் கண்ணுக்குக் கடலும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. வடக்கே ஒரு வடம், தெற்கே ஒரு வடம், இரண்டிலும் ஆட்கள் இழுக்கிறார்கள். அது மட்டும்தான் தெரிந்தது. வடசேரியார் வடக்கே போனார்கள், தென்சேரியார் தெற்கே போனார்கள். உன் அக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள். நான் முழங்காலை மறந்தேன்.

கரைவலையை இரண்டு பக்கமும் ஒரே கணக்கில், ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து, மெள்ள மெள்ள இழுக்கவேண்டுமாம். அது எங்களுக்கு யார் சொன்னது? நாங்கள் வெல்ல இழுத்தோம். "வடசேரியாரே, உங்கட கொம்பு வாழத்தண்டா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து உன் அக்காவின் குரல் வந்தது, இருபது வருடம் கேட்காத குரல், கேட்டதும் எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினார்: "ஐயோ, நிப்பாட்டுங்க! வல கோணுது! மீனெல்லாம் போகுது!" மீன் போனால் போகட்டும், கொம்பு போகக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு கிழவர் பதில் சொன்னார். முஹம்மட் எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று தெரியாமல் நடுவில் ஓடி ஓடி இரண்டு பக்கத்தையும் கும்பிட்டார். கடைசியில் தெற்கே வலித்துவிட்டார்கள். வடகயிறு எங்கள் கையைவிட்டுப் போக, நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் மல்லாக்க விழுந்தோம். வலை ஒரு பக்கமாகச் சுருண்டு தென்சேரிக் காலடியில் போய்ச் சேர்ந்தது. மடியை விரித்துப் பார்த்தால் ஒரு பிடி நெத்தலியும், தொட்டால் அரிக்கிற வழுவழுப்பான சொறிமுட்டை ஒன்றும்.

சம்மாட்டி வந்து என் தலைமாட்டில் நின்றார். "நீங்க எந்த ஊர்?" என்றார். "கொக்கட்டிச்சோல." "அங்க கடல் இல்லதானே?" "இல்ல." "நல்லம்" என்றார். எனக்குச் சாகலாம் போல இருந்தது. அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு அது. ஆனால் உன் அக்காவின் கூட்டம் வென்ற வெறியில் அங்கே மணலில் ஆடிக்கொண்டு வருகிறது, கை தட்டிக்கொண்டு வசை பாடிக்கொண்டு வருகிறது. சம்மாட்டி அந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கொம்பா இழுத்த நீங்க?" என்று கேட்டார், குரல் மாறியிருந்தது. ஓம் என்றேன். "எங்கட ஊரில கொம்பு எடுத்து எத்தின வரிசம்" என்றார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய், தன் கௌரவத்தை விடக்கூடாது என்பதுபோல, "நானும் தென்சேரிதான்" என்றார்.

அதற்குப் பிறகு இன்னொரு தரம் வலை வளைத்தார்கள். இந்த முறை அவர் நடுவில் நின்று ஏசி ஏசி எங்களை ஒழுங்காக இழுக்கப் பழக்கினார். வெயில் சாயும்வரை இழுத்தோம். கொண்டுவந்த பிட்டையும், இந்த முறை அகப்பட்டதில் சுட்ட மீனையும் சேரி பார்க்காமல் எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். முஹம்மட் ஒரு துண்டு மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "விதானையார், பாத்து நிண்ட எனக்கே கை உளையிது" என்றார். உன் அக்கா நெற்றி நிறைய மணலோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சான், உன் அக்கா அப்படிச் சிரிப்பாள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அவள் சட்டென்று நிறுத்தி, "அன்னப்பூரணி நிண்டிருந்தா வடக்க இன்னும் கொஞ்சம் பிடிச்சிருப்பீங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் தோணிப்பாதை மூடிவிடும் என்று முஹம்மட் எழுப்பினார்.

நிற்க, நீ கேட்டதற்கு வருகிறேன். முப்பது வருடம் வட்டவிதானையாக இருந்தவன், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பாசிக்குடாவில் மிதிவெடிப் பலகை. கல்லடியில் நாய். தேத்தாத்தீவில் இனி எங்களுடைய ஆட்கள் யார் வந்தாலும் வலைக்காரர் கயிற்றைக் கையில் தந்து ஏசி ஏசி இழுக்க வைப்பார்கள். போகிற வழியில் இரண்டு இடத்தில் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள், உன் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வார்களா, என்ன சொல்லித் தொலைப்பார்களோ தெரியாது. கழிவறை இல்லை, குடை இல்லை, கதிரை இல்லை. இந்தச் சமாதானம் எத்தனை நாளைக்கு என்று இதைச் செய்தவர்களுக்கே தெரியாது. உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயம், மச்சான். என் சொல்லை நம்பி வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் அதற்குப் பிறகு நான் உயிரோடு இருந்து என்ன செய்ய? ஆகவே ஆற அமர யோசித்து நான் எடுத்த முடிவு, கியூபாவுக்கே போங்கள். அதுதான் எல்லாருக்கும் நல்லது. அன்னப்பூரணியிடம் அண்ணன் சுகமாக இருக்கிறான் என்று மட்டும் சொல்.

உனக்கும் அவளுக்கும் ஆயுளும், பிள்ளைகளுக்குப் படிப்பும், உங்கள் வீட்டுக் கூரையில் விழுகிற பனியெல்லாம் சேதமில்லாமல் உருகவும் கண்ணகை அம்மன் அருள் செய்வாளாக. சீதேவிப்பிள்ளை தன் தம்பிக்கு முத்தங்களும் எனக்கு முறைப்பும் தருகிறாள். முஹம்மட் சலாம் சொன்னார்.

இங்ஙனம்,
என்றும் உன் அன்பு மச்சான்,
க. வினாயகமூர்த்தி.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கியூபாவுக்கே போங்கள் என்ற இடத்தில், "நிப்பாட்டுங்க" என்றாள். "உங்கள அனுப்பினது கடல் பாக்கவா, அவங்கள வராம மறிக்கவா?" என்று கேட்டாள். உள்ளதைத்தானே எழுதினேன் என்றேன். "உள்ளத எழுதி எழுதித்தானே பன்னிரண்டு வரிசம் போய்த்து. சண்டை எண்டு எழுதினீங்க, வரல்ல. கரண்ட் இல்ல எண்டு எழுதினீங்க, வரல்ல. ஒருக்காப் பொய் எழுதிப் பாருங்களன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இப்போது இங்கே உப்புக்காற்று ஒன்றும் வீசவில்லை.

ஆகவே மச்சான், மேலே எழுதியது ஒன்றையும் பிள்ளைகளுக்கு வாசிக்காதே. இதை மட்டும் வாசி: அன்பான மருமக்களே, இங்கே உள்ளது போலக் கடற்கரை கியூபாவில் கிடையாது. மணல் சீனி மாதிரி. ஒவ்வொரு தென்னைக்கும் கீழே ஒரு கதிரை. கழிவறை பளிங்கில் கட்டியிருக்கிறார்கள். சுறா வராது, ஐஸ்கிரீம் வரும். உடனே புறப்பட்டு வாருங்கள். இப்படிக்கு மாமா.

இதில் மணல் மட்டும்தான் உண்மை. வந்து பார்த்துவிட்டு மாமா பெரிய பொய்யன் என்று ஏசுவார்கள். ஏசட்டும். தாய்மாமனை ஏசுகிறது மருமக்களுடைய உரிமை, அதை அவர்கள் ஒருநாளும் பாவித்ததில்லை. என் முற்றத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்து, தமிழ் வராவிட்டால் இங்கிலீசிலாவது ஏசட்டும். எனக்கு அது விளங்காது. அன்னப்பூரணி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தரட்டும்.